வயலோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள்

கேள்வி: ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் விற்ற வரலாற்றைப் படித்தேன். எங்கள் ஊர்ப் பக்கமும் அடிமைகள் இருந்தார்களா?
– வாசகி, சிதறால்

பதில்: இருந்தார்கள். சிதறால் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்த ஊர். திருவிதாங்கூரில் 1836-ல் எடுத்த கணக்கில் 1,64,864 அடிமைகள்; ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர். நீங்கள் படித்த வரலாற்றில், அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர் சுமார் 1.25 கோடி, அதில் 18 லட்சம் பேர்வரை வழியிலேயே மாண்டார்கள்.

இங்கே கப்பல் தேவைப்படவில்லை. புலையரும் பறையரும் பிறந்த மண்ணிலேயே அடிமைகள். ஜென்மமாக விற்கலாம், காணத்துக்கு அடகு வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். நிலத்துக்கு இருந்த அதே மூன்று முறைகள். மனிதரை இப்படி எழுதிவைத்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. அமெரிக்கக் கதை தெரிந்த அளவுக்கு நம் வீட்டுக் கதை நமக்குத் தெரியவில்லையே!

1812-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை விற்பனையைத் தடுத்தார். ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு விலக்கு, பெரும்பாலோர் அவர்கள்தான். லண்டன் மிஷன் பாதிரிமார் அடிமைகளின் விடுதலைக்காக விடாமல் மனுக்கொடுத்தார்கள். 1853-ல் அரை விடுதலை, 1855 ஜூனில் முழு விடுதலை. அதன் பிறகும் அவர்களுக்குப் பொதுவழி திறக்கவில்லை. அதில் போவதற்குப் புலையர் தலைவர் அய்யன்காளி 1893-ல் வில்வண்டி பூட்டிப் போராட வேண்டியிருந்தது.