அடங்கலில் உங்கள் பயிர் இருக்கிறதா?

குற்றாலத்தில் சாரல் பிடித்துச் சிற்றாற்றில் தண்ணீர் வந்தால் தென்காசி, செங்கோட்டை வயல்களில் கார் நடவு தொடங்கும். வடகிழக்குப் பருவ மழையை நம்பிப் பிசானம் நடப்படும். ஆலங்குளம், கீழப்பாவூர், சங்கரன்கோவில் பகுதிகளில் கிணற்றுப் பாசனத்திலும் மானாவாரியிலும் தக்காளி, சின்ன வெங்காயம், உளுந்து, மக்காச்சோளம், பருத்தி எனப் பல பயிர்கள் உண்டு. எந்தப் பயிர் எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எவ்வளவு மகசூல் என்பது சென்னைக்கும் டில்லிக்கும் எப்படித் தெரிகிறது? அந்தக் கணக்கு தவறினால் நட்டம் யாருக்கு? சிறு விவசாயிகள் இவ்விரண்டையும் அறிந்து கொள்வது மிகவும் அவசியம்.

கணக்கு தொடங்கும் இடம்

கணக்கு உங்கள் கிராமத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் உட்பிரிவிலும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்று பதியும் ஏடே அடங்கல். இது கிராமக் கணக்கு எண் 2 ஆகும். முன்பு கர்ணம் எழுதி வந்தார். 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்பட்ட பின் இது கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பாயிற்று. அவர் மாதந்தோறும் நிலங்களைப் பார்வையிட்டுப் பயிரைப் பதிய வேண்டும். இதற்குப் பயிராய்வு என்று பெயர். பழைய வருவாய்த் துறைச் சொல்லில் அஜ்மாயிஷ்.

இந்தக் கணக்குக்கு ஆண்டு என்பது பசலி ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை உள்ளது 1434-ம் பசலி. கிராமக் கணக்குகள் தாலுகாவில் கூட்டப்பட்டு, மாவட்டம் வழியாகப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்குச் செல்கின்றன. மாநிலத்தின் பருவம் மற்றும் பயிர் அறிக்கை இவற்றைக் கொண்டே தயாராகிறது.

எல்லா மாநிலங்களிலும் இம்முறை இல்லை. ஆரியங்காவு கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குள் சென்றால், அங்கே தேர்ந்தெடுத்த மாதிரி நிலங்களை மட்டும் பார்வையிட்டு, அதிலிருந்து மொத்தப் பரப்பைக் கணிக்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சியில் இருந்த செங்கோட்டையில் இன்று தமிழ்நாட்டு முறைப்படி ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பதிவு உண்டு. ஆகவே நம் பக்கத்து விவசாயி தன் வயலின் கணக்கைத் தானே சரிபார்க்க முடியும். இது நமக்கு உள்ள பெரிய வசதி.

பரப்பைக் கூட்டும் விதம்

ஒருவர் ஒரே ஏக்கரில் காரும் பிசானமும் நட்டால், நிகர சாகுபடிப் பரப்பு ஒரு ஏக்கர். மொத்த சாகுபடிப் பரப்பு இரண்டு ஏக்கர். இரண்டாம் போகம் அடங்கலில் ஏறாவிட்டால் அந்தப் போகமே கணக்கில் இல்லாமல் போகும்.

தரிசுக்கும் வகை உண்டு. இந்த ஆண்டு மட்டும் பயிரிடாமல் விட்டது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை கிடந்தால் இதர தரிசு. ஐந்தாண்டுக்கு மேல் கிடந்தால் சாகுபடிக்கு ஏற்ற வீண் நிலம் என்ற வகையில் சேரும். பல ஆண்டு தரிசாகக் கிடந்து, சீமைக்கருவேலை வெட்டி இந்த ஆண்டு உளுந்து விதைத்தவர் அதை உடனே பதியச் சொல்ல வேண்டும். இல்லையெனில் ஏட்டில் தரிசாகவே தொடரும்.

ஊடுபயிர், கலப்புப் பயிர் செய்வோரும் கவனிக்க வேண்டும். முதன்மைப் பயிரை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பயறு வகைகளின் பரப்பு குறைந்து காட்டப்படும்.

அணாக் கணக்கும் அறுவடைச் சோதனையும்

பரப்பு தெரிந்தால் போதாது. மகசூலும் தெரிய வேண்டும். வெள்ளையர் காலத்தில் கண்ணால் பார்த்து, பயிர் பதினாறு அணாவுக்கு எத்தனை அணா விளைந்திருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் இது மாறியது. 1940-களில் டாக்டர் சுகாத்மே, டாக்டர் பான்சே ஆகியோர் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் மூலம் பயிர் அறுவடைச் சோதனை முறையை வகுத்து வளர்த்தனர். வங்காளத்தில் சணல் பரப்பைக் கணிக்கப் பேராசிரியர் மகலானோபிஸ் மாதிரி ஆய்வு முறையைக் கையாண்டார். யார் வயல் என்று பாராமல், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் வயலைத் தேர்ந்தெடுத்து, ஒரு துண்டை அறுத்து எடை போடுவதே இதன் அடிப்படை.

கன்னி மூலையிலிருந்து அளவு

நெல்லுக்கு இச்சோதனை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். முதலில் கிராமம், பிறகு சர்வே எண், பிறகு வயல் ஆகியவை வாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்வாகும். வயலின் தென்மேற்கு மூலை, அதாவது கன்னி மூலைதான் தொடக்கம். அங்கிருந்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எவ்வளவு தூரம் உள்ளே செல்வது என்பதையும் வாய்ப்பு எண்களே முடிவு செய்யும். அந்த இடத்தில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் கயிறு கட்டி, உள்ளே உள்ள பயிரை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். ஈரம் கழிக்க மாதிரி எடுத்து உலர்த்தியும் பார்ப்பதுண்டு.

இந்தத் துண்டு 25 சதுர மீட்டர். ஒரு சென்டில் முக்கால் பங்கு கூட இல்லை. ஒரு ஹெக்டேரில் இப்படி 400 துண்டுகள் அடங்கும். துண்டில் 11 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,400 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 1,780 கிலோ என்று கணக்கு. எடையில் அரைக் கிலோ பிசகினால் ஏக்கருக்கு 81 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்கு மேல் மாறிவிடும். கயிற்றைச் சாய்வாகக் கட்டுவதும், ஓரக் கதிர்களைத் தாராளமாகச் சேர்ப்பதும் எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்து விளங்கும்.

நல்ல இடமாகப் பார்த்து அறுக்கச் சொல்வதும், விளையாத இடத்துக்கு நகர்த்தச் சொல்வதும் கூடாது. முன்னது உங்கள் பகுதிக்கே இழப்பீடு கிடைக்காமல் செய்யும். பின்னது சோதனையையே செல்லாததாக்கும்.

காப்பீட்டுக்கும் இதே எடைதான்

2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரீப் உணவுப் பயிர்களுக்கு 2 சதம், ரபி உணவுப் பயிர்களுக்கு ஒன்றரைச் சதம், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதம் என வகுக்கப்பட்டது. இழப்பீடு பெரும்பாலும் தனி வயலைப் பார்த்துத் தரப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்கா ஒரு அலகாகக் கொள்ளப்படுகிறது. கடந்த ஏழாண்டுகளில் சிறந்த ஐந்தாண்டுகளின் சராசரி மகசூலை வைத்து, அதில் குறிப்பிட்ட சதவீதம் உத்தரவாத மகசூலாகக் கணக்கிடப்படும். அறுவடைச் சோதனையில் வந்த அலகின் சராசரி அதைவிடக் குறைந்தால்தான் இழப்பீடு.

எடுத்துக்காட்டாக, உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,500 கிலோ, சோதனையில் கிடைத்த சராசரி 1,200 கிலோ என்று வைத்துக் கொள்வோம். குறைவு 300 கிலோ; அதாவது 20 சதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்றால் இழப்பீடு 6,000 ரூபாய். உங்கள் வயல் மட்டும் பாழாகி அலகின் சராசரி நன்றாக இருந்தால், இக்கணக்கில் இழப்பீடு வராது. அதேபோல் உங்கள் வயல் நன்றாக விளைந்து அலகு முழுவதும் குறைந்தால், காப்பீடு செய்த உங்களுக்கும் உண்டு.

காப்பீட்டில் சேர அடங்கல் அல்லது விதைப்புச் சான்று தேவை. அதில் நெல்லுக்குப் பதில் வேறு பயிரோ, இரண்டு ஏக்கருக்குப் பதில் ஒரு ஏக்கரோ இருந்தால் பிறகு வாதாடிப் பயனில்லை. வெள்ள நிவாரணத்துக்கும் இதே நிலைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை தென்காசி உட்படத் தென் மாவட்டங்களைப் பாதித்தது. இத்தகைய பேரிடர்களில் 33 சதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே நிவாரணம் என்பது விதி. சேதக் கணக்கெடுப்பின்போது முதலில் புரட்டப்படுவது அடங்கல்தான்.

ஆடு, மாடு, நிலம்

பயிருக்கு மாதக் கணக்கு. கால்நடைக்கு ஐந்தாண்டுக்கு ஒரு கணக்கு. இந்தியாவில் 1919-20 முதல் கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2019-ல் நடந்த 20-வது கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாட்டினம் சுமார் 95 லட்சம் என்று தெரிந்தது. எருமையோ 2012-ல் 7 லட்சத்து 80 ஆயிரமாக இருந்தது, 5 லட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. 21-வது கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எந்த ஊரில் எத்தனை கால்நடை என்பதை வைத்தே தடுப்பூசி, மருந்தகம் ஆகியவை திட்டமிடப்படுகின்றன. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால், கோமாரி பரவும் காலத்தில் ஊசி மருந்து பற்றாமல் போகலாம்.

வரி போடுவார்கள், ரேஷன் அட்டை போய்விடும் என்ற அச்சத்தில் சிலர் உண்மையைச் சொல்வதில்லை. கணக்கெடுப்பில் ஒருவர் தரும் தகவல் மொத்தத் தொகை கூட்டவே பயன்படும். 2008-ம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டமும் இப்படித் திரட்டும் தனிநபர் தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அடங்கல் அப்படியல்ல. அது உங்கள் நிலத்துக்குரிய வருவாய் ஆவணம். அதனாலேயே அது சரியாக இருக்க வேண்டும்.

நிலக் கைப்பற்றைக் கணக்கிடும் வேளாண்மைக் கணக்கெடுப்பு 1970-71 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற முறையில் வருகிறது. பட்டா யார் பெயரில் என்பதைவிட, சாகுபடி யார் கையில் என்பதே அதன் கேள்வி. 2015-16 கணக்குப்படி தமிழ்நாட்டில் சராசரிக் கைப்பற்று 0.75 ஹெக்டேர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்று அதிகம். இங்கு விவசாயம் சிறு விவசாயிகளின் கையில்தான் இருக்கிறது என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

விவசாயி செய்ய வேண்டியவை

1. விதைத்த பதினைந்து நாட்களுக்குள் சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, பாசன ஆதாரம் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். காருக்கும் பிசானத்துக்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும்.

2. அடங்கல் நகல் பெற்று வீட்டில் வைத்திருங்கள். பயிர்ப் பதிவு கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறி வருவதால், வயலுக்கு வந்து படம் எடுப்பவரிடம் சரியான உட்பிரிவைக் காட்டுங்கள்.

3. குத்தகைக்கு உழுபவர் சாகுபடியாளர் பெயர் பற்றி நில உடைமையாளரிடம் முன்கூட்டியே பேசி, அதற்கான சான்றைப் பெற முயல வேண்டும். பயிர் அழிந்த பிறகு இதைக் கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

4. உங்கள் வயல் அறுவடைச் சோதனைக்குத் தேர்வானால், அறுவடை நாளை முன்னதாகச் சொல்லுங்கள். சோதனைக்கு முன் அறுத்துவிடாதீர்கள். அளக்கும்போதும் எடை போடும்போதும் உடனிருந்து எடையைக் குறித்துக் கொள்ளுங்கள்.

5. பிரீமியம் கட்டுமுன், உங்கள் பயிரும் கிராமமும் அந்தப் பருவத்துக்கு அறிவிக்கை செய்யப்பட்டுள்ளனவா, கடைசி நாள் எது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியுங்கள்.

6. பதிவில் தவறு இருந்தால் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கையாகின்றன. அங்கேயும் மனுக் கொடுக்கலாம்.

பாசனத்துக்கு மடையைப் பார்ப்பது போல, பருவத்துக்கு ஒருமுறை அடங்கலையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நகல் எடுக்க அரைநாள் வேலை கெடலாம். அந்த அரைநாளைக் கொடுக்காததால் ஒரு போகத்தின் இழப்பீட்டையே விட்டுவிடக் கூடாது.