கட்டைவிரல் பத்திரம், தங்கச்சி

ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது இப்போது போடி சந்தையில் கீரை விற்கிற பாட்டிக்கும் தெரியும். அதை நான் வேறு ஓதப் போவதில்லை. ஓடிபியே வராமல் பணம் போகிற வழி ஒன்று இருக்கிறது. மலைக்கு ஜீப் ஏறுகிற பெண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் உரிமைத் தொகை எல்லாம் கணக்கில்தான் விழுகிறது. பாங்கு திறந்திருக்கும் நேரத்தில் நீ போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுத்துக்கொண்டிருப்பாய். சாயங்காலம் இறங்கி வந்து, கைரேகை மிஷின் வைத்திருக்கிற கடையில் பணம் எடுப்பாய். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்பது என்ன? ஆதார் எண், பாங்கு பெயர், விரல். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது.

காய் எடுக்கிற விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கறையும் ஏறியிருக்கும். "பதியலக்கா, இன்னொருக்கா வைங்க" என்பார் கடைக்காரர். சேலையில் துடைத்துவிட்டு நாமும் வைப்போம். பெரும்பாலும் அவர் சொல்வது நிஜம்தான். ஏமாற்றுகிறவனுக்கும் அதே பேச்சுதான் தோது. முதல் தடவையே பணம் போயிருக்கும், இரண்டாவது தடவைக்கு இன்னொரு தொகை போகும். அதனால் மறுபடி விரல் வைப்பதற்கு முன் திரையைக் காட்டச் சொல். எவ்வளவு தொகை அடித்திருக்கிறார் என்று நீயே படி. ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்காதே. கணக்கில் உன் செல் நம்பர்தான் இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பருக்கு மெசேஜ் போய் யாருக்கு லாபம்?

நேரில் விரல் வைக்காமலும் ரேகையைத் திருடலாம். 2018-ல் தெலங்கானாவில், பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்த ஆள் பிடிபட்டான். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? பூட்டத்தான் முடியும். ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ 'பயோமெட்ரிக் லாக்' செய்யலாம், காசு இல்லை. செல் நம்பர் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் வைக்க வேண்டிய நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யச் சொல்.

ஜெராக்ஸ் கொடுக்கிற இடத்தில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' ஆதாரைக் கொடு. முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எதற்காகக் கொடுக்கிறாய் என்பதையும் தேதியையும் நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடு. உன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பிஎம் கிசான் பணம், வண்டி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தால் தொடாதே. அதை ஏற்றினால் உன் மெசேஜ் எல்லாம் அவன் படிப்பான். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் அடிக்க வேண்டியதே இல்லை. "கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று தம்பியிடம் எவனாவது கேட்டால் செருப்பைக் காட்டச் சொல். அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் வந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான்.

சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் போகிற விலையை விட அதிகம் தருகிறேன், பணம் மட்டும் பிறகு என்பவனுக்குக் காயை ஏற்றி அனுப்பாதே. முதல் ரெண்டு லோடுக்குச் சரியாகக் கொடுப்பான். மூன்றாவது லோடுக்காகத்தான் அந்த ரெண்டும்.

கணக்கில் இருந்த பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வீட்டுக்காரர் திட்டுவார் என்று மறைக்காதே. அதற்குள் பணம் நாலு கணக்கு மாறிவிடும். உடனே 1930-க்குப் போன் போடு, பாங்கிலும் எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்கு. தப்பு உன்னுடையதும் இல்லை, பாங்கினுடையதும் இல்லை என்றால், பாங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உன் தலையில் விழாது. இது ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதி.