பேட்ஜை நம்பாதீர்கள், ஷெல்லைப் பாருங்கள்

1960களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய மலிவு விலை டிரம் செட்டுகளில் அப்போலோ, ஸ்டூவர்ட், வைட்ஹால், மெஜஸ்டிக், ஜிம்-கார் என்று விதவிதமான பெயர்த் தகடுகள் (பேட்ஜ்கள்) இருக்கும். பெரும்பாலும் அந்தப் பெயர்களில் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை. தகட்டில் இருப்பது செய்தவர் பெயரல்ல, இறக்குமதி செய்து விற்றவர் பெயர். சிவகாசியில் ஒரே படத்தோடு அச்சடித்த காலண்டர் ஒரு வீட்டில் நகைக்கடை பெயரோடும் அடுத்த வீட்டில் மளிகைக்கடை பெயரோடும் தொங்குகிறதே, அதே ஏற்பாடுதான். இந்த டிரம்களைச் சேகரிக்க விரும்புகிறவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான். பெயரைத் துரத்தினால் வழி தவறும்; பொருளைப் படித்தால் பெயர் தானாக வரும்.

இந்த வியாபாரம் ஏன் நடந்தது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் தேடல் எளிதாகும். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்மில் ‘லுட்விக்’ என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் சிகாகோவில் இருந்த லுட்விக் தொழிற்சாலையால் ஆர்டர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பையன்கள் டிரம்ஸ் கேட்டார்கள். பெற்றோரிடம் லுட்விக் வாங்கப் பணமில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஜப்பான்தான். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் கட்டப்பட்டிருந்ததால், அங்கே செய்த பொருள் அமெரிக்கச் சந்தையில் மலிவாக விழுந்தது. டோக்கியோவில் 1946-ல் இசைத்தாள் தாங்கிகள் செய்வதில் தொடங்கிய பேர்ல் நிறுவனம், 1961-ல் சிபாவில் பெரிய தொழிற்சாலை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயர்களில் டிரம் செட்டுகளைச் செய்து கொடுத்தது. நகோயாவின் ஹோஷினோ கக்கி ‘ஸ்டார்’ என்ற பெயரில் டிரம்கள் செய்தது. 1974-ல் அந்தப் பெயர் ‘தமா’ என்று மாறியது. இன்று உலகம் அறிந்த தமா டிரம்கள் அவைதான். ஆக, கேலிக்கு ஆளான அந்த மலிவு செட்டுகள் பலவும் இன்றைய பெரிய நிறுவனங்களின் இளமைக்கால வேலை. இவற்றை மதிக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எங்கே தேடுவது

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் வாசகர்களுக்கு இது சுலபம். வீட்டைக் காலி செய்து விற்கும் விற்பனைகள், அடகுக்கடைகள், தேவாலயங்களின் சாமான் அறைகள், பழைய பள்ளிக்கூடங்கள் என்று இவை கிடைக்கும் இடங்கள் பல. பெரிய வாத்தியக் கடைகளில் தேடுவது வீண். அங்கே வைத்து விற்கும் அளவுக்கு இவற்றில் லாபம் கிடையாது.

இந்தியாவிலிருந்து தேடுகிறவருக்கு என் யோசனை வேறு. முழு செட்டையும் வரவழைத்தால் கப்பல் கூலி செட்டின் விலையைத் தாண்டிவிடும். ஸ்நேர் டிரம் ஒன்றை மட்டும் வாங்குங்கள். இறுக்கும் திருகுகளைப் பிடித்திருக்கும் லக், வளையம், கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர், மரம், பேட்ஜ் என்று ஆராய வேண்டிய எல்லாமே ஒரு ஸ்நேரில் அடக்கம்.

விளம்பரங்களில் விற்பவர் எழுதும் தலைப்பை நம்பி மட்டும் தேடாதீர்கள். அவருக்கே அது என்னவென்று தெரிந்திருக்காது. ‘பழைய டிரம்ஸ், ஜப்பான், சிவப்பு மினுக்கு’ என்பது போன்ற பொதுச் சொற்களில்தான் நல்லவை மாட்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கையில் ஓர் அளவு நாடா, ஒரு சிறு டார்ச், டிரம் சாவி இருந்தால் போதும். வழக்கமான செட்டில் 20 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அல்லது 16 அங்குல ஃப்ளோர் டாம், 14 அங்குல ஸ்நேர் இருக்கும். வளையத்தையும், அடி வாங்கும் பரப்பான ஹெட்டையும் கழற்ற விற்பவர் அனுமதித்தால், டிரம்மின் உடலான ஷெல்லின் குறுக்களவை இரண்டு திசையில் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஷெல் வட்டம் இழந்துவிட்டது என்று பொருள். சிறு வேறுபாட்டை ஹெட் சமாளித்துக்கொள்ளும். கண்ணாலேயே தெரியும் அளவுக்குக் கோணியிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து உள்ளே பாருங்கள். இந்த டிரம்களின் அடையாளம் அங்கேதான். பெரும்பாலானவை மூன்று அடுக்கு லுவான் பிளைவுட். பிலிப்பைன் மகோகனி என்று கடைக்காரர்கள் சொல்வதும் இதையேதான். மெல்லிய ஷெல் என்பதால் மேலும் கீழும் உட்புறமாக ஒரு மர வளையம் ஒட்டி வலுவூட்டியிருப்பார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வளையத்தின் இணைப்பு, பசை வழிந்து காய்ந்த கோடு, ஷெல்லின் உள்மூட்டு எல்லாம் துலங்கும். வளையம் எங்காவது விட்டிருக்கிறதா என்று நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் கெட்டிச் சத்தம், விட்ட இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்கும். விட்டிருந்தால் மரப்பசையும் கிளாம்ப்பும் வைத்து ஒட்டிவிடலாம். அதற்காக வாங்காமல் போக வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது லக்குகளைப் பார்த்துத்தான். வார்ப்பில் செய்த இந்த உலோகத் துண்டுகள் வயதானால் நொறுங்கும். ஒவ்வொன்றிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த லக்குக்கு அதே வடிவத்தில் மாற்று கிடைப்பது அரிது. அதுபோல ஹெட்டை இறுக்கும் டென்ஷன் ராட் ஒன்று குறைந்தால் புதிய ராடை வலிந்து திருகாதீர்கள். மரை பொருந்தாமல் போனால் உள்ளிருக்கும் நட்டும் கெடும். பழைய ராட் ஒன்றை எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

இந்த ஜப்பான் செட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகளையே பின்பற்றியதால் இன்றைய ஹெட்டுகள் பொருந்தும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள் விளிம்பு வரை தடிமனாக இருந்தால் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். பழைய பிரிட்டிஷ் பிரீமியர் டிரம்களில் இந்தச் சௌகரியம் இல்லை. 1960களின் பிற்பகுதி வரை அவர்களின் அளவே சற்றுப் பெரிது. இன்றைய ஹெட் ஏறாது.

கழற்றும் முன் பதிவு செய்யுங்கள்

வீட்டுக்கு வந்ததும் துடைக்கத்தான் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். தூசியோடு, துருவோடு, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒரு லக்கை மட்டும் கழற்றிப் பாருங்கள். வெளியே மங்கிய காவி நிறத்தில் இருக்கும் தாள், லக் மூடியிருந்த இடத்தில் தகதகக்கும் சிவப்பாக இருக்கலாம். அதுதான் கடைக்கு வந்த நாளில் இருந்த நிறம். நிறுவனங்களின் பழைய விற்பனை அட்டவணையில் நிறத்தைத் தேடும்போது இந்தக் கட்டைவிரல் அகலத் துண்டுதான் வழிகாட்டி. மங்கிய நிறத்தைக் கொண்டு தேடினால் வேறொரு மாடலில் போய் நிற்பீர்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு டிரம்மின் குறுக்களவும் ஆழமும், லக்குகளின் எண்ணிக்கை, லக்கின் முன்னும் பின்னும், டாம் எந்த வகைத் தாங்கியில் நிற்கிறது, பேஸ் டிரம்மின் கால்கள், ஸ்ட்ரெய்னரின் வடிவம், உள்ளே மை முத்திரை அல்லது பென்சில் எழுத்து, காகித லேபிள். மேல் ஹெட்டை அடிக்கடி மாற்றியிருப்பார்கள். கீழ் ஹெட்டை யாரும் தொடுவதில்லை. அதில் அச்சான பெயர் பலமுறை பேட்ஜைவிட உண்மை பேசும். ஒரு கணக்கும் உதவும்: பிளாஸ்டிக் ஹெட்டுகள் சந்தைக்குப் பரவலாக வந்தது 1957-ஐ ஒட்டித்தான். தோலைச் சுற்றி மடிக்கும் மர வளையம் இருந்தால் டிரம் அதற்கும் முந்தையதா என்று யோசிக்கலாம்.

பேட்ஜையும் சோதியுங்கள். காற்றுத்துளையின் உலோக வளையமே அதைப் பிடித்திருந்தால் பெரும்பாலும் முதலிலிருந்தே இருப்பது. சுற்றிலும் பழைய ஆணித்துளையோ வேறு வடிவத்தில் நிற மாற்றமோ தெரிந்தால் யாரோ பின்னால் ஒட்டியது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரை இருந்தால் அது 1952 அல்லது அதற்கு முந்தைய பொருள். டிரம் செட்டுகளில் அபூர்வம்.

வரலாற்றைத் தேடுவது

இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: யார் செய்தார், யார் விற்றார். இரண்டையும் குழப்பினால் ஒன்றுக்கும் விடை கிடைக்காது.

யார் செய்தார் என்பதற்கு லக்கும் ஸ்ட்ரெய்னரும்தான் சாட்சி. 1960களின் பேர்ல், ஸ்டார் அட்டவணைகளின் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து வடிவத்தை ஒப்பிடுங்கள். அமெரிக்க லக்குகளைப் பார்த்துச் செய்த வடிவங்கள் என்பதால் தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பின்புறம், திருகுகளுக்கு இடையிலான தூரம், உள்ளே ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் விதம் ஆகியவற்றில்தான் வித்தியாசம். ஓர் ஒற்றுமையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குறைந்தது மூன்று பாகங்கள் ஒத்துப்போக வேண்டும். தொழிற்சாலைகள் உதிரிபாகங்களை வெளியிலும் வாங்கியிருக்கலாம்.

யார் விற்றார் என்பதற்குக் காகிதங்கள். அமெரிக்க வணிகமுத்திரைப் பதிவேட்டில் பேட்ஜ் பெயரைத் தேடுங்கள். பதிவு கிடைத்தால் உரிமையாளர் பெயரும், அந்தப் பெயரை முதன்முதலில் வணிகத்தில் பயன்படுத்திய தேதியும் இருக்கும். ஜிம்-கார் என்ற பெயர் நியூயார்க்கின் கார்-ஜிம் என்ற இறக்குமதி நிறுவனத்துடையது. பெயரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு 1960களின் ‘பில்போர்டு’ இதழ்கள், ‘தி மியூசிக் டிரேட்ஸ்’ போன்ற வணிக இதழ்கள், சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு அஞ்சல்வழி அட்டவணைகள். பில்போர்டின் பழைய இதழ்களைக் கூகுள் புக்ஸில் இலவசமாகப் புரட்டலாம். விளம்பரத்தில் முகவரியோடு ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் அது 1963 அல்லது அதற்குப் பிந்தையது. தேதியில்லாத துண்டுப் பிரசுரத்துக்கு இந்தச் சின்னக் குறிப்பு பெரிய துணை.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். கென்ட் என்ற பெயரில் ஜப்பானிலிருந்து கிடார்கள் வந்தன. அவற்றை இறக்குமதி செய்தது நியூயார்க்கின் ஒரு மொத்த வியாபார நிறுவனம். ஆனால் கென்ட் டிரம்கள் நியூயார்க் மாநிலத்தின் கென்மோர் என்ற ஊரில் செய்யப்பட்ட அமெரிக்கச் சரக்கு. பெயர் ஒன்று, வம்சம் இரண்டு. கிடாரின் கதையை டிரம்முக்கு ஒட்டவைத்து எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விற்பவரிடம் கேட்கும் கேள்விகளுக்கு எந்த ஆவணமும் ஈடல்ல. முதலில் யார் வாங்கியது, எந்த ஊர்க் கடை, எந்த வருஷம், பில் இருக்கிறதா, குழுவில் வாசித்த படம் உண்டா? வயதானவர்களிடம் பொறுமையாகக் கேளுங்கள். பேரம் முடிந்த பிறகு கேட்டால் இன்னும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

சரிசெய்வது

குறைவாகச் செய்வதே நல்லது. மேல்தாளை மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். முத்துப்போல் மின்னும் மிகப் பழைய மேல்தாள்கள் சில எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டு என்பதால் சூடுகாற்றுத் துப்பாக்கியை அருகே கொண்டுபோகவே கூடாது. குரோம் வளையத்தில் லேசான துருவை, அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதிர்ந்து இரைச்சல் போட்டால் கொஞ்சம் பஞ்சு அடையுங்கள். புதிய துளை போடாதீர்கள், புதுத் தாள் சுற்றாதீர்கள், பேட்ஜைப் பாலிஷ் செய்யாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், துருப்பிடித்த திருகையும்கூட, பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றை அடுக்கு ஹெட் போட்டுக் கொஞ்சம் தளர்வாகச் சுருதி கூட்டினால், லுவான் ஷெல் கதகதப்பான, சட்டென்று அடங்கும் ஒலியைத் தரும். சத்தமான மேடைக்கு இது போதாது. சின்ன அறையில் மைக் வைத்து ஒலிப்பதிவு செய்ய, விலை அதிகமான பல செட்டுகளைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றைச் செய்தவர்கள் பெயர் போடவில்லை, விற்றவர்கள் கணக்கு வைக்கவில்லை. அதனால் உங்களிடம் வரும் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பக்கமாவது எழுதுங்கள்: அளவுகள், லக்கின் பின்புறப் படம், விற்றவர் சொன்ன கதை. எது நிரூபணம், எது ஊகம் என்று பிரித்து எழுதுங்கள். செட்டை விற்க நேர்ந்தால் அந்தப் பக்கத்தின் பிரதியை ஓர் உறையில் போட்டு வாங்குகிறவர் கையில் கொடுங்கள்.