பண்டிகைப் பலகாரமும் குழந்தைகளும்

ஐப்பசி பிறந்ததும் சங்க அலுவலகங்களில் கூட்டம் மிகும். நெசவாளர்கள் போனஸையும் சிக்கன நிதியையும் நாடி வருவர். கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் ஆலையிலிருந்து வரவேண்டிய பாக்கியை விசாரிப்பர். கைக்கு வரும் தொகையில் ஒரு பகுதி புதுத் துணிக்கும், ஒரு பகுதி பலகாரத்துக்கும் செல்லும். இஃது இயல்பே. ஆனால் பண்டிகை கழிந்த இரண்டொரு வாரங்களில், பிள்ளைக்குப் பல்வலி என்று முன்பணம் கேட்டு வருவோரையும் தணிக்கைக்குச் செல்லும் நாம் கண்டிருக்கிறோம். வைத்தியச் செலவோடு அன்று தறியும் நிற்கிறது. ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது.

அவ்வாறு வந்த ஓர் அங்கத்தினரிடம், பலகாரத்தைச் சற்று அளவோடு கொடுத்திருக்கலாமே என்று கூறினோம். "ஐயா, வருஷத்தில் ஒரு நாள் பிள்ளை ஆசையாய்த் தின்கிறான். அதையும் எண்ணிக் கொடுத்தால் நான் என்ன தகப்பன்?" என்றார் அவர். அக்கேள்விக்கு அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அதற்கு விடை காணும் முயற்சியே இப்பாடம்.

1. வருஷத்தில் ஒரு நாள்தானா?

நம் பாட்டனார் காலத்தில் நெசவாளர் இல்லத்தில் இனிப்பு என்பது தீபாவளி, பொங்கல், கலியாணம் ஆகியவற்றோடு நின்றது. எஞ்சிய நாட்களில் கூழும் சோறுமே உணவு. அக்காலத்தில் பண்டிகையன்று குழந்தையின் கையைத் தடுப்பது கொடுமையாகவே இருந்திருக்கும். இன்றோ தெருமுனைப் பெட்டிக்கடையில் பிஸ்கட்டும் மிட்டாயும் புட்டிப் பானமும் நாள்தோறும் தொங்குகின்றன. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சட்டைப்பையில் அதற்கான காசும் இருக்கிறது. பல இல்லங்களில் இனிப்பு அன்றாடப் பண்டமாகிவிட்டது.

மேலும், பல் சொத்தை இரண்டு வாரத்தில் உண்டாவதன்று. முன்பே குழி விழுந்திருந்த பல்லில் பண்டிகைப் பாகு புகுந்தபோது வலி வெளிப்பட்டது, அவ்வளவே. குழியைத் தோண்டியவை முந்திய மாதங்களின் மிட்டாய்களே. ஆகவே பழியெல்லாம் தீபாவளியின் மீது சுமத்துவது நியாயமாகாது. அளவு வகுக்கவேண்டியது ஆண்டு முழுவதற்கும். அதனைத் தொடங்க ஏற்ற தருணம் பண்டிகை.

2. பல்லின் கணக்கு

வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே இது தொடங்கும். அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். உமிழ்நீர் அதனைத் தணித்து, பல்லைப் பழைய நிலைக்குக் கொணர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. நான்கு அதிரசங்களை ஒரே வேளையில் உண்ணும் குழந்தையின் பல் ஒருமுறை தாக்குண்ணும். அதே நான்கினை மணிக்கொன்றாக நாள் முழுதும் கடிக்கும் குழந்தையின் பல்லோ மீள்வதற்கு இடைவெளியின்றி நான்குமுறை தாக்குண்ணும்.

இதனை ஸ்வீடன் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியும் காட்டிற்று. அங்கே லுண்ட் நகரத்தை அடுத்த விப்பேஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் சில ஆண்டுகள் அது நடைபெற்றது. உணவோடு சேர்த்து இனிப்புக் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை சிறிதே கூடிற்று. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய் கொடுக்கப்பட்டவர்களுக்கு மிகுதியாகக் கூடிற்று. சம்மதம் கூறும் நிலையில் இல்லாத நோயாளிகளைக் கொண்டு செய்த சோதனையாதலின் அம்முறை இன்று கண்டிக்கப்படுகிறது. எனினும் கிடைத்த முடிவை மருத்துவ உலகம் தள்ளிவிடவில்லை.

பால்பல் விழப்போவதுதானே என்று சிலர் அலட்சியம் செய்வர். நிலைப்பல் வரும்வரை அதற்குரிய இடத்தைக் காத்து நிற்பது பால்பல்லே. மேலும், ஏறக்குறைய ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல்லாகும். எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால் பெற்றோர் அதனையும் பால்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். அது கெட்டால் மாற்றுப் பல் வராது.

3. உடலின் கணக்கு

பண்டங்களில் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பு நாளொன்றுக்கு உடல் பெறும் மொத்தக் கலோரியில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டலாகாது, ஐந்து பங்குக்குள் நிற்பின் மேலும் நன்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் கூறியது. ஐந்து வயதுக் குழந்தைக்குச் சுமார் 1,300 கலோரி வேண்டுமெனக் கொள்வோம். பத்துப் பங்கு 130 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி வீதம் அது சுமார் 32 கிராம் சர்க்கரையாகும். ஐந்து பங்காயின் 16 கிராம்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். ஒரு கிலோ கடலைமாவுக்கு இரண்டு கிலோ சர்க்கரை வைத்துக் கிளறிய மைசூர்பாகு நூறு துண்டுகளானால், துண்டொன்றில் 20 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு துண்டிலேயே கீழ்வரம்பு கடந்துவிடும். இரண்டாவது துண்டில் மேல்வரம்பும் கடந்துவிடும். பண்டிகையன்று ஒரு நாள் இவ்வரம்பு மீறப்பட்டால் பெருங்கேடு வந்துவிடாது. நாள்தோறும் மீறப்படுவதே கேடு.

பிரிட்டனில் யுத்த காலத்தில், 1940-இல், சர்க்கரை பங்கீட்டு முறைக்குள் வந்தது. அம்முறை 1953 செப்டம்பரில் நீங்கியதும் மக்கள் உண்ணும் சர்க்கரை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அந்நாள் குழந்தைகளின் பிற்கால உடல்நிலையை ஆராய்ந்து 2024-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. கருவிலும், பிறந்தபின் ஓரிரு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, பிந்திப் பிறந்தவர்களைக் காட்டிலும், முதிர்வயதில் நீரிழிவு நோய் காணும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 35 பங்கும், இரத்த அழுத்த நோய் காணும் வாய்ப்புச் சுமார் 20 பங்கும் குறைந்திருந்தன. எனவே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் வாயில் ஆசையாகப் பாகைத் தடவும் வழக்கத்தை நாம் விட்டொழித்தல் நலம்.

4. வெல்லம் தீங்கற்றதா?

வெல்லத்தால் செய்தது எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. வெல்லத்தில் தாதுப்பொருள்கள் சிறிது உண்டு என்பது மெய். ஆயினும் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. வாயிலுள்ள கிருமிக்கு வெல்லம் வேறு, சீனி வேறு என்ற பேதம் கிடையாது.

"கரும்பு பயிரிடும் நாமே இனிப்பைக் குறைக்கச் சொல்வதா?" என்று விவசாய அங்கத்தினர் வினவக்கூடும். கரும்பு இன்று சர்க்கரையாக மட்டுமன்றி எத்தனாலாகவும் ஆலையிலிருந்து வெளிச்செல்கிறது. நம் குழந்தை கூடுதலாக உண்ணும் நான்கு உருண்டைகளால் கரும்பின் விலை ஏறிவிடாது. அக்குழந்தையின் பல்லுக்கு நேரும் செலவோ நம் கணக்கில் மட்டுமே பற்று எழுதப்படும்.

5. பூட்டி வைத்தால் போதுமா?

தூக்குப்பாத்திரத்தைப் பரண்மீது ஏற்றிப் பூட்டிவிடும் பெற்றோரும் உளர். 1999-இல் அமெரிக்காவில் பிஷர், பர்ச் என்னும் இரு ஆராய்ச்சியாளர் சிறு குழந்தைகளிடம் இதனைச் சோதித்தனர். கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக் கைக்கு எட்டாமல் தடுத்த பண்டத்தின்மேல் குழந்தைகளின் நாட்டம் முன்னிலும் மிகுந்தது. தடை நீங்கிய வேளையில் அதனையே நாடினர். பரணின்மேல் இருக்கும் பாத்திரத்தையே நாளெல்லாம் நோக்கி நிற்கும் பிள்ளையை நாமும் அறிவோம் அல்லவா? "சமர்த்தாய் இருந்தால் லட்டு" என்று கைம்மாறாகக் கொடுப்பதும் இத்தகையதே. அப்பண்டத்தின் மதிப்பை அது குழந்தை மனத்தில் உயர்த்திவிடுகிறது.

எனவே முற்றும் தடுப்பதும் தவறு. முற்றும் விடுவதும் தவறு. இடைப்பட்ட வழியொன்றைக் கூட்டுறவாளராகிய நாம் முன்பே அறிவோம். சங்கத்தின் உபவிதிகளை அங்கத்தினர் ஏன் மதிக்கின்றனர்? மகாசபையில் கூடித் தாமே இசைந்து இயற்றியவை ஆதலால். அதே முறையை இல்லத்திலும் கையாளலாம்.

6. இல்லத்து உபவிதிகள்

பலகாரம் சுடுமுன் குழந்தைகளையும் உட்காரவைத்துப் பேசி, கீழ்க்கண்டவாறு சில விதிகளை வகுத்துக்கொள்ளலாம்:

(அ) இனிப்பு வேளை நாளொன்றுக்கு இரண்டு. இரண்டும் உணவை ஒட்டியே. எதை உண்பது என்பதைக் குழந்தையே தேர்ந்துகொள்ளட்டும்.

(ஆ) உண்டபின் வாய் கொப்பளித்தல். இரவு படுக்குமுன் புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்கல். அதன்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை.

(இ) பண்டிகைக்குப்பின் இத்தனை நாள் என்று முன்பே குறித்து, மிகுந்ததை உறவினருக்கும், பண்டிகை கொண்டாடாத துக்க வீட்டாருக்கும், வசதியற்ற அண்டை வீட்டாருக்கும் குழந்தையின் கையாலேயே கொடுத்தல்.

(ஈ) செய்யும் அளவையே குறைத்தல். ஐந்து வகைக்குப் பதில் இரண்டு இனிப்பும் இரண்டு காரமும் போதும். மீதப்படும் தொகை சிக்கன நிதியில் குழந்தையின் பெயரைச் சொல்லிச் சேரட்டும்.

(உ) விதி பெரியோருக்கும் உண்டு. நீரிழிவுள்ள தாத்தா ஒளித்து உண்ணும் வீட்டில் பேரன் விதியை மதியான். நீரிழிவுள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவர் வகுத்ததே விதி.

தீபாவளியன்று காலையில், எண்ணெய்க் குளியலுக்குப்பின் லேகியம் உண்டு, குழந்தை தான் விரும்பியதை வயிறார உண்ணட்டும்; அன்று எண்ணவேண்டாம். எண்ணவேண்டியது பெட்டிக்கடைக்குச் செல்லும் மற்ற நாட்களையே. "எண்ணிக் கொடுத்தால் நான் என்ன தகப்பன்?" என்று வினவிய அந்த அங்கத்தினருக்கு இப்போது நாம் கூறும் விடை இதுதான்: தறியில் ஏறும் ஒவ்வோர் இழையையும் எண்ணுபவர் நீர், அந்த எண்ணிக்கையால்தான் துணி துணியாகிறது. பிள்ளையோடு சேர்ந்து எண்ணும் தகப்பனாரிடம் அன்பு சிறிதும் குறைந்துவிடவில்லை.

வாசக வட்டத்தில் ஆலோசிக்க:

1. நம் இல்லத்தில் சென்ற மாதம் மிட்டாய், பிஸ்கட், புட்டிப் பானம் ஆகியவற்றுக்குச் செலவானது எவ்வளவு? தீபாவளிப் பலகாரச் செலவோடு அதனை ஒப்பிடுக.

2. உணவை ஒட்டி உண்ணும் இனிப்பைவிட இடைவேளையில் உண்ணும் இனிப்பு மிகுந்த தீங்கு தருவது ஏன்?

3. நம் குழந்தைகளோடு கூடி வகுக்கத்தக்க விதிகள் யாவை? அவற்றுள் பெரியோர் கைக்கொள்ள இசைவது எது?