அம்மப்பாவின் துவக்கைப் புதுசாக்க வேண்டாம்

பேலியகொடை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அனுமதிப்பத்திரம் உன் பெயருக்கு மாறிவிட்டது என்று வாசித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் கடைசிப் பந்தியை வாசித்த பிறகு இரண்டு இரவு சரியாக நித்திரை இல்லை. துவக்கு பார்க்க மங்கிப்போய்க் கிடக்கிறது, ஒரு பட்டறைக்காரர் பத்து நாளில் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார், கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே ராசா.

என் அப்பாவிடம், உன் அம்மப்பாவிடம், இரண்டு துவக்குகள் இருந்தது உனக்குத் தெரியாது. இரண்டும் பேர்மிங்ஹாமில் செய்த இரட்டைக்குழல், பன்னிரண்டு போர். ஒன்று மாத்தளையில் உங்கள் வீட்டில் நின்றது, மற்றது எனக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு பட்டறையில் கொடுத்துப் பொலிஷ் போட்டுக் கறுப்பு ஏற்றினேன். வாங்கி வந்த அன்று கண்ணாடி மாதிரி மின்னியது. இரும்புப் பக்கத் தகட்டில் ஒரு சோடிக் காடை செதுக்கியிருந்தது; சிறகில் ஒவ்வொரு இறகும் மயிர்க்கோடாகத் தெரியும். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் இரண்டு மழுங்கின கூழாங்கல். அப்பா கையில் வாங்கிப் பார்த்தார், பெருவிரலால் தடவினார், ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். அடுத்த மாரி முடிவதற்குள் இரண்டு குழலையும் சேர்த்திருந்த நடுப்பட்டி கழன்று ஆடத் தொடங்கியது. அந்தத் துவக்கு அதன்பிறகு ஒரு நாளும் சுடவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. பழைய இரட்டைக்குழலில் நடுப்பட்டியை ஈயப்பற்று வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். இப்போது அவசரத்துக்குக் கறுப்பு ஏற்றுகிறவர்கள் கோஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்து, 140 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கவிட்டு, குழலை அதில் அமிழ்த்துவார்கள். தனிக்குழலுக்கு அது பொருந்தும். இரட்டைக்குழலில் அந்தக் காரம் ஈயப்பற்றை அரித்துவிடும். பட்டிக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராமல் உள்ளிருந்தே இரும்பைத் தின்னும்.

அம்மப்பாவின் குழலில் இருக்கும் கருநீலம் வேறு வழியில் வந்தது. இரும்பில் வேண்டுமென்றே கறள் பிடிக்கவிட்டு, கொதிநீரில் போட்டால் சிவப்புக் கறள் கறுப்பாக மாறும். மெல்லிய கம்பித் தூரிகையால் துடைத்து, திரும்பவும் கறள், திரும்பவும் கொதிநீர். இப்படிப் பல தரம். அது பூசின வர்ணம் கிடையாது. இரும்பின் தோலே அதுதான். எமரிக் கடதாசி ஒருமுறை பட்டால் போதும், போய்விடும். பூட்டுப் பகுதியில் புறாக் கழுத்து மாதிரி நீலமும் மண்ணிறமுமாகப் பார்த்திருப்பாய். எலும்புக்கரியில் இரும்பைப் புதைத்துச் சூடேற்றித் தண்ணீரில் விட்டபோது வந்த நிறம் அது. வெயிலுக்கும் காரமான சவர்க்காரத்துக்கும் மங்கும். ஆகையால் கழுவாதே, முற்றத்தில் வெயிலில் காயவும் வைக்காதே.

இன்னொன்று. உன் அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருக்கும் இலக்கம் துவக்கில் வெட்டியிருக்கும் இலக்கந்தான். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் புதுப்பிக்கப் போகும்போது அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொலிஷ் சக்கரம் அந்த இலக்கத்தையும் விட்டுவைக்காது. கொழும்பு நூதனசாலைக்குப் போனால் லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பார். ஒல்லாந்தர் 1765இல் கண்டியில் கொள்ளையிட்டுக் கொண்டுபோனது, 2023 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. அது யாருடையது என்று சொன்னது அதன்மேல் வெட்டியிருந்த சிங்கள எழுத்தும், சூரியன், பிறை, சிங்கம் என்ற அரச சின்னமும். யாராவது ஒருவர் நன்றாக மினுக்குகிறேன் என்று தேய்த்திருந்தால் அது வாய் திறந்திருக்குமா?

பாவிக்காமல் பூட்டிவை என்று நான் சொல்லவில்லை. பன்றி மரவள்ளியைக் கிண்டும்போது எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு என்ன செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இருக்கும் இடத்தை நினைத்துப் பார். ஒரு பக்கம் களனி கங்கை, இந்தப் பக்கம் மீன் சந்தை. புறக்கோட்டையிலிருந்து 2011இல் சந்தை இங்கே வந்த பிறகு, விடியப்புறம் லொறிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் தெரு முழுக்க உப்பு. கதவுப் பிணைச்சல்கூட இங்கே நிலைக்காது. ஆனால் என் அப்பாவின் பழைய உளிகள் இன்றும் கறள் இல்லாமல் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் துடைக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தோட்டா இல்லையென்று இரண்டு குழலையும் திறந்து கண்ணால் பார். பிறகு தேநீர் குடிக்கும் முன்பே துடை. பழைய பருத்திச் சாரத்துண்டு போதும். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. மழையைவிட விரல் அடையாளந்தான் குழலைக் கெடுக்கும், காலையில் பார்த்தால் விரல் ரேகை அப்படியே கறளாக நிற்கும். குழலுக்குள் சீலை ஓட்டி, வெளியே துவக்கு எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டுப்போகும். அதிகம் எண்ணெய் விட்டு நிமிர்த்தி வைத்தால் அது வடிந்து பிடங்கின் கழுத்து மரத்தில் ஊறி, மரம் கறுத்துச் சொதசொதத்துவிடும். எண்ணெய் போட்ட இரவு குழல் வாய் கீழே இருக்கும்படி கடதாசியில் சாய்த்து வை. தோலுறை வயலுக்குக் கொண்டுபோக மட்டும். அதற்குள் விட்டுவைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் அலுமாரியில் பூட்டி வை, தோட்டாவை வேறிடத்தில் வை, பிள்ளைகள் இருக்கிற வீடு.

சிவப்புப் புள்ளி கண்டால் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடு. பிறகு மிக மெல்லிய இரும்புப் பஞ்சால், எண்ணெயோடு, மெதுவாக. புள்ளி போனதும் நிறுத்து. பிடங்குக்கு வார்னிஷ் அடிக்காதே. வருடத்தில் ஒரு முறை லின்சீட் எண்ணெய் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும் வரை தேய், மிச்சத்தைத் துடைத்துவிடு.

குழலுக்கு அடியில், இடது கை பிடிக்கும் இடத்தில், நீலம் போய் வெள்ளையாக இருக்கிறதே, அதைத்தானே அசிங்கம் என்று எழுதியிருக்கிறாய்? அப்பாவுக்கு இடது கைச் சுட்டுவிரல் சற்று வளைவு. உன் கையை அங்கே வைத்துப் பார், சுட்டுவிரலுக்கு மட்டும் தடம் கொஞ்சம் விலகி நிற்கும். அந்தத் தடம் வேறெங்கும் இல்லை. அவருடைய படங்கூட நம்மிடம் இரண்டுதான் மிச்சம்.

திருகாணிகளை இப்போதைக்குத் தொடாதே. கடையில் விற்கும் ஸ்குரூ டிரைவர் அந்த ஒடுக்கமான வெட்டுக்குள் இறங்காது, வழுக்கித் தலையைப் பிய்க்கும். அளவாக ஒன்றைத் தீட்டி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு நான் அங்கே வரும்போது கொண்டுவருகிறேன், நாம் இருவரும் இருந்து கழற்றுவோம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்பு மாமா