அடுக்கும் பெயரும்

தலைநகர் தில்லிக்குப் பணி மாறுதலில் வரும் தமிழர் பலரை உணவகத்தில் முதலில் திகைக்க வைக்கும் சொல் ‘பராட்டா’. மைதா மாவை வீசிச் சுருட்டிச் சுட்ட நம் ஊர்ப் பரோட்டாவை எதிர்நோக்கி அமர்ந்தால், உருளைக்கிழங்கு பொதிந்த கோதுமைப் பண்டம் தட்டில் வந்து சேரும். பெயர் ஒன்று, பண்டம் வேறு.

இந்தியில் ‘பரத்’ என்றால் அடுக்கு. ‘ஆட்டா’ என்றால் கோதுமை மாவு. இவ்விரண்டும் இணைந்தே பராட்டா ஆயிற்று என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். மாவைத் தேய்த்து, நெய் தடவி, மடித்து, மீண்டும் தேய்க்கும்போது நெய்ப்படலம் மடிப்புகளை ஒட்டவிடாது. கல்லிலிட்டதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கும். செய்முறை பெயருக்குப் பொருந்துவதே இவ்விளக்கத்தின் வலிமை.

ஆயினும் ஒலியை மட்டும் நம்பலாகாது. வடநாட்டு அடுக்களையில் மாவு பிசையும் அகன்ற தட்டின் பெயர் ‘பராத்’. கேட்பதற்கு ‘பரத்’ போலவே இருப்பினும், அது போர்த்துகீசிய மொழியில் தட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

இன்று தில்லி உணவகங்களிலும் கிடைக்கும் இத்தாலிய ‘லசான்யா’வின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. மாவுத் தகடுகளை அடுக்கி, இடையிடையே குழம்பும் பாலாடைக்கட்டியும் பரப்பி வேகவைக்கும் உணவு அது. தட்டையான மாவுப் பண்டத்தைக் குறித்த ‘லாகனோன்’ என்னும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம் என்பர் சிலர். சமையல் கலத்தைக் குறித்த ‘லாசனும்’ என்னும் இலத்தீன் சொல் என்பர் வேறு சிலர். பெயர் தந்தது மாவா, கலமா என்பதே அங்கும் வினா.

ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650-இல் அமைத்த சாந்தினி சௌக்கில் ‘பராண்டேவாலி கலி’ என்றொரு சந்து உண்டு. 19-ஆம் நூற்றாண்டு முதல் பராட்டாவுக்குப் புகழ்பெற்ற அச்சந்தில், காய்கறியோ பருப்போ பொதிந்த மாவை வாணலியில் நெய்யிட்டுப் பொரிப்பதே வழக்கம். அங்கே அடுக்கைவிடப் பூரணமே முதன்மை. பெயர் மட்டும் மாறவில்லை. கடல் கடந்த இச்சொல் சிங்கப்பூரில் ‘பிராட்டா’, மொரீஷியசில் ‘ஃபராட்டா’, மியன்மாரில் ‘பலாட்டா’ என வழங்குகிறது.

பெயர் ஒரு பண்டத்தின் பிறப்பைச் சொல்லலாம். இன்றைய உள்ளடக்கத்தைச் சொல்ல வேண்டுமென்பதில்லை. ஆதலால், புதிய ஊரில் பழகிய பெயரைக் காணும்போதும், மாவு எது, உள்ளே இருப்பது எது என்று ஒருமுறை கேட்டறிதல் நன்று.