வாடிக்கை எப்படி நிலைக்கிறது?

ஒரு பொருளை ஒருமுறை விற்பது சுலபம். வாங்கினவர் மறுபடி அதே கடைக்கு வரணும், அதுதான் கஷ்டம். இதைப் பற்றிய பாடத்துக்கு உறவுமுறைச் சந்தைப்படுத்தல் என்று பெயர். அமெரிக்கப் பேராசிரியர் லியோனார்ட் பெர்ரி 1983-ல் இதைப் பற்றி எழுதினார்.

அதே 1983-ல் கடலூரில் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாய் முதல் போட்டு வியாபாரம் தொடங்கி, சிக் ஷாம்பு விற்றார். அப்போது நம்ம சங்கராபுரமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம்தான். (கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-ல்.) ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியை அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் முன்பே காட்டியிருந்தார். ஆனால் சீயக்காய் தேய்க்கிற கிராமத்து ஜனங்க நம்பணுமே! கம்பெனி ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு பையனை உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டார்கள். முடியைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க என்றார்கள்.

பிறகு ஒரு திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்பு உறையானாலும் ஐந்து காலி உறை கொடுத்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். கெட்டிக்காரத்தனம்தான்! ஆனால் ஷாம்பு மட்டமாக இருந்தால் ஐந்து உறை சேரும் வரைக்கும் யார் வாங்குவாங்க? (அன்று காலி உறை கடைக்குத் திரும்பியது. இன்று வாய்க்காலில் கிடக்கிறது, அது வேற விஷயம்.) அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

நம்ம ஊரில் காய்க்கார அம்மா கொசுறாகக் கருவேப்பிலை போடுறாங்களே, அதுவும் இந்தப் பாடம்தான். மளிகைக்கடைக் கணக்கு நோட்டும் அப்படித்தான். கூலி வரும் வரை கடைக்காரர் நம்மை நம்பி அரிசி தருகிறார். நாம் ஊரை விட்டுப் போய்விட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

ஆனால் நோட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு கடையில் (பேரு வேண்டாம்) வாங்கின ஒரு கிலோ பருப்பு வீட்டில் நிறுத்தால் 900 கிராம்தான் இருந்தது. பாக்கி இருந்ததால் அம்மாவால் வாய் திறந்து கேட்க முடியலை. திரும்பத் திரும்ப அங்கேயேதான் போனாங்க. பார்க்கிறவங்க அதையும் வாடிக்கை என்றுதான் சொல்லுவாங்க. என்னைக் கேட்டால் அது கட்டாயம். பாக்கி தீர்ந்த மறுநாளே அம்மா கடையை மாத்திட்டாங்க.

நீங்களும் கடைக்குப் போனால் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915.

— 9-ஆம் வகுப்பு மாணவி